மாஸ்கோவில் போட்ட ஊசி, டெல் அவிவில் எடுத்த கட்டி: ஒரு ஸ்டெம் செல் பயணத்தின் நிகழ்வு ஆய்வு

2005-இல் இஸ்ரேலின் டெல் அவிவ் நகரை ஒட்டியுள்ள ஷீபா மருத்துவ மையத்தில் 13 வயதுப் பையன் ஒருவனுக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தார்கள். விட்டு விட்டு வந்த தலைவலிதான் காரணம். ஸ்கேனில் இரண்டு கட்டிகள் தெரிந்தன. ஒன்று மூளையில், இன்னொன்று முதுகுத்தண்டின் கீழ்ப்பக்கத்தில். பையனுக்குப் பிறவியிலேயே ஓர் அபூர்வ மரபணு நோய் உண்டு. அது புற்றுநோய்க்கு வாசல் திறந்துவிடும் நோய். ஆகவே “நோயின் போக்கில் வந்த கட்டி” என்று எழுதிக் கோப்பை மூடியிருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் கோப்பில் இன்னொரு வரியும் இருந்தது. 9 வயதில் அவனை மாஸ்கோவுக்கு அழைத்துப் போய் மூளைக்குள்ளும் தண்டுவட நீருக்குள்ளும் ஸ்டெம் செல், அதாவது பெருகவும் வேறு வகை செல்லாக மாறவும் கூடிய செல், செலுத்தியிருந்தார்கள். 10 வயதிலும் 12 வயதிலும் மறுபடி போய் வந்திருந்தார்கள். ஊசி போன இரண்டு பாதைகளிலும் இப்போது கட்டி.

நரம்பு ஸ்டெம் செல் சிகிச்சையால் மனித மூளையில் கட்டி வந்ததாகப் பதிவான முதல் நிகழ்வு இது. நினெட் அமரிலியோ, கிடியோன் ரெகாவி உள்ளிட்ட ஷீபா குழுவினர் 2009 பிப்ரவரியில் ‘பிளோஸ் மெடிசின்’ இதழில் இதை வெளியிட்டார்கள். ஸ்டெம் செல் சிகிச்சைக்காக வெளிநாடு போவதைப் பற்றிப் பேச்சு வந்தால் பணம், மோசடி, பொய் விளம்பரம் என்றே பேச்சு போகிறது. அதெல்லாம் உண்மைதான். ஆனால் இந்தப் பையனின் கோப்பைப் படித்தபோது என்னை உறுத்தியது வேறு: உள்ளே போனது என்ன, யாருடையது என்பதை அவனுக்கு ஊசி போட்ட ஊர் சொல்லவில்லை. கட்டியை வெட்டியெடுத்த ஊர்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

நோய்

அட்டாக்ஸியா டெலாஞ்சியெக்டேசியா. சுருக்கமாக ஏ.டி. என்பார்கள். குழந்தை நடக்கப் பழகும்போதே தள்ளாட்டம் தெரிய ஆரம்பிக்கும். இன்னும் நடை பிடிபடவில்லை, போகப் போகச் சரியாகிவிடும் என்று வீட்டில் நினைப்பார்கள். சரியாகாது. சில வருடங்களில் கண்ணின் வெள்ளைப் பகுதியில் சிவப்பு நூல் ஓடியதுபோல் நுண்ணிய ரத்தக் குழாய்கள் தெரியும். பேச்சு குழறும், விழுங்குவது சிரமமாகும், கண்ணைத் திருப்பிப் பார்க்கவே தடுமாறும். பெரும்பாலான பிள்ளைகள் பத்து வயதை ஒட்டிச் சக்கர நாற்காலிக்கு வந்துவிடுகிறார்கள். பலருக்கு நோய் எதிர்ப்புச் சக்தி குறைவு; அடிக்கடி மார்ச்சளி. ரத்தப் புற்றுநோய், நிணநீர்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் அதிகம். அறிவு மட்டும் பெரும்பாலும் மங்குவதில்லை. தன் உடம்பு எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பது பிள்ளைக்கே தெரியும்.

11-ஆவது குரோமோசோமில் இருக்கும் ஏ.டி.எம். என்ற மரபணுவின் இரண்டு பிரதியும் பழுதானால்தான் இந்த நோய். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. டி.என்.ஏ. உடைந்தால் செல்லை நிறுத்திப் பழுது பார்க்கவைப்பது இந்த மரபணுவின் வேலை. அது இல்லாததால் கதிர்வீச்சு இவர்களுக்கு ஆகவே ஆகாது. மற்றவருக்கு மருந்தாகும் கதிரியக்கச் சிகிச்சை, அதே அளவில் கொடுத்தால் இவர்களுக்கு விஷம்.

இந்த மரபணுவைக் கண்டுபிடித்ததே டெல் அவிவ் பல்கலைக்கழகம்தான். யோசெஃப் ஷிலோவின் குழு 1995-இல் அதை அடையாளம் கண்டது. அதாவது பையனின் நோய்க்குக் காரணமான பழுது எது என்பதை உலகத்திலேயே முதலில் சொன்னது அவன் ஸ்கேன் எடுத்துக்கொண்ட அதே ஊர்ப் பக்கம். காரணம் தெரிந்துவிட்டது, மருந்து மட்டும் வரவில்லை. இன்றும் நோயின் போக்கைத் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை. பிசியோதெரபி, கிருமித் தொற்றுக்கு உடனுக்குடன் மருந்து, கவனமான கண்காணிப்பு, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் நின்றுகொண்டு பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உள்ளூர் டாக்டர் கையை விரித்துவிட்ட பிறகு, விமானம் ஏறிப் போகும் தூரத்தில் ஒருவர் “செய்து பார்க்கலாம்” என்கிறார். முழுகுகிறவன் துரும்பின் தரச் சான்றிதழைக் கேட்க மாட்டான். கேட்க வேண்டியது துரும்பை விற்பவரிடம்.

உள்ளே போனது

கருக்கலைப்பில் கிடைத்த சிசுக்களின் மூளைத் திசுவிலிருந்து பிரித்து, ஆய்வகத்தில் வளர்த்த நரம்பு ஸ்டெம் செல்கள். ஒரு பங்கு நேரடியாகச் சிறுமூளைக்குள். இன்னொரு பங்கு இடுப்புப் பக்கம் முதுகில் ஊசி குத்தி, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஓடும் நீருக்குள்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஏ.டி. நோயில் முதலில் அழிவது சிறுமூளை செல்கள். சிறுமூளைக்குப் புது செல் கொடுத்தால் தள்ளாட்டம் குறையாதா? இந்தக் கேள்வியை வைத்துத்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. ஆகவே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

சிறுமூளையில் பர்கிஞ்சி செல் என்று ஒன்று உண்டு. ஏ.டி. நோய் பெரிதும் தாக்குவது இதைத்தான். ஒரே ஒரு பர்கிஞ்சி செல்லுக்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் வந்து சேர்கின்றன. குழந்தை கருவில் இருக்கும்போதும் பிறந்த பின்னும் மாதக் கணக்கில், ஓர் ஒழுங்கில் உருவாகும் இணைப்புகள் அவை. முதுகில் ஊசி போட்டு செல்லை நீரில் விட்டால் அது சிறுமூளைவரை போய், சரியான அடுக்கில் அமர்ந்து, லட்சம் இணைப்புகளையும் கொடுத்து வாங்கிக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பது, நாற்றை அள்ளி வாய்க்காலில் போட்டுவிட்டு அது வயலில் போய் வரிசையாக நின்றுகொள்ளும் என்று நம்புவதைப் போன்றது.

ஸ்டெம் செல்லுக்கு இரண்டு குணம். வேறு வகை செல்லாக மாறும். அதோடு, பெருகிக்கொண்டே போகும். கிளினிக்குகள் முதல் குணத்தைப் படம் போட்டு விளக்கும். இரண்டாவதைப் பற்றி வாயைத் திறக்காது. ஆய்வகத்தில் செல்லைப் பெருக்க வேண்டுமென்றால் வளர்ச்சிக் காரணிகளைக் கொடுத்து “பிரி, பிரி” என்று தூண்ட வேண்டும். உடம்புக்குள் போன பிறகு அந்தத் தூண்டுதல் அடங்கிவிட்டது என்பதற்கு யார் உத்தரவாதம்? முறையான ஆய்வில் முதலில் எலியில் மாதக் கணக்கில் வைத்துப் பார்ப்பார்கள், கட்டி வருகிறதா என்று தேடுவார்கள், ஒவ்வொரு தொகுதி செல்லிலும் ஒரு மாதிரியை உறையவைத்துப் பத்திரப்படுத்துவார்கள். பிறகுதான் முதல் மனிதர், அதுவும் சிறிய அளவில், வருடக் கணக்கான கண்காணிப்போடு.

எலும்பு மஜ்ஜை மாற்று மட்டும் எப்படி வேலை செய்கிறது என்று இந்த இடத்தில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ரத்த ஸ்டெம் செல்லை ரத்தக் குழாயில் ஏற்றினாலே போதும், அது தானாக மஜ்ஜையைத் தேடிப் போய் உட்கார்ந்துவிடும். ரத்தம் என்பதே ஓயாமல் புதுப்பித்துக்கொள்ளும் திசு. அங்கே செல்லுக்குத் தெரிந்த வேலை ஏற்கெனவே இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் 1986-இலிருந்து மஜ்ஜை மாற்று நடக்கிறது; தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ள குழந்தைகளோடு வெளிநாட்டுக் குடும்பங்களும் அங்கே வந்து தங்குகின்றன. அதுவும் ஸ்டெம் செல்லுக்காகக் கடல் தாண்டிய பயணம்தான். ஆனால் தானம் கொடுப்பவர் யார், பொருத்தம் எவ்வளவு, எத்தனை செல் ஏறியது, நூறாவது நாளில் ரத்தத்தில் யாருடைய செல் எத்தனை சதவீதம் என்பதெல்லாம் தாளில் இருக்கும். ‘ஸ்டெம் செல்’ என்ற பெயர் நம்பிக்கையைச் சம்பாதித்தது அங்கேதான். அந்த நம்பிக்கையைச் செலவழிக்கிறவர்கள் வேறு ஆட்கள்.

கட்டி யாருடையது?

2006-இல், பையனுக்கு 14 வயதானபோது, முதுகுத்தண்டில் இருந்த கட்டியை அறுவை சிகிச்சையில் எடுத்தார்கள். மூளையில் இருந்ததைத் தொடவில்லை. எடுத்த கட்டி மெதுவாக வளரும் வகை. நரம்பு செல்லும் அதற்குத் துணை நிற்கும் கிளையல் செல்லும் கலந்தது. ஏ.டி. பிள்ளைகளுக்கு வழக்கமாக வருவது ரத்தம், நிணநீர் சார்ந்த புற்றுநோய்கள். சந்தேகம் இன்னும் இறுகியது. ஆனால் சந்தேகம் சாட்சியாகாது. கட்டியின் செல்லையும் பையனின் ரத்தத்தையும் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே ஆளுடையதா என்று பார்க்க வேண்டும்.

முதலில் குரோமோசோம். பையனின் உடம்பில் எல்லா செல்லிலும் ஓர் எக்ஸ், ஓர் ஒய் இருக்க வேண்டும். குறிப்பிட்ட குரோமோசோமில் மட்டும் போய் ஒட்டும், ஒளிரும் சாயம் ஏற்றிய சிறு டி.என்.ஏ. துண்டுகளைக் கட்டித் திசுவின் மேல் விட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். எக்ஸ் ஒரு நிறம், ஒய் ஒரு நிறம். ஃபிஷ் சோதனை என்பது இதுதான். ஆண் பிள்ளையின் முதுகிலிருந்து எடுத்த கட்டியில் ஒய் உள்ள செல்களோடு, ஒய்யே இல்லாமல் இரண்டு எக்ஸ் கொண்ட செல்களும் இருந்தன. அதாவது பெண் செல்கள். எக்ஸில் ஒரு விதமாகவும் ஒய்யில் வேறு விதமாகவும் இருக்கும் அமெலோஜெனின் மரபணுவை வைத்து இன்னொரு வழியிலும் இதைச் சரிபார்த்தார்கள்.

பெண் செல் அவனுடையதல்ல என்பது சரி. ஆண் செல் அவனுடையதாக இருக்கலாமே? அடுத்த சோதனைக்கு அவனது நோயே உதவியது. அவன் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் ஏ.டி.எம். மரபணுவின் இரு பிரதியிலும் அந்தக் குடும்பத்துக்கே உரிய பிழை இருக்கும். கட்டியின் செல்களில் அந்தப் பிழை இல்லை, நல்ல ஏ.டி.எம். இருந்தது. எந்த நல்ல மரபணுவை எதிர்பார்த்து மாஸ்கோவுக்குப் போனார்களோ அது வந்து சேர்ந்துதான் இருந்தது, கட்டியாக. “செல் உள்ளே பிழைத்து வளரும்” என்று கிளினிக்குகள் சொல்வது இந்தப் பையன் விஷயத்தில் எழுத்துக்கு எழுத்து பலித்தது.

அதோடும் அவர்கள் நிற்கவில்லை. உறுப்பு தானத்தில் பொருத்தம் பார்க்கும் எச்.எல்.ஏ. வகையைப் பார்த்தார்கள். ஆளுக்கு ஆள் நீளம் மாறும் டி.என்.ஏ. துண்டுகளை, தந்தைமை வழக்குகளில் ஒப்பிடுவதுபோல, ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒரே பதிலைச் சொல்லின: கட்டி பையனுடையதல்ல, அதோடு அது ஒரே ஒருவருடையதும் அல்ல. குறைந்தது இரண்டு பேரின் செல்கள் அதில் இருந்தன. பிறக்கவே பிறக்காத இரண்டு பேர்.

ஏன் அவை பிழைத்தன? வேற்று ஆளின் செல் வந்தால் உடம்பு எதிர்த்து அழிப்பதுதான் இயல்பு. ஏ.டி. நோயில் எதிர்ப்புச் சக்தி குறைவு என்பது ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். மூளையும் தண்டுவடமும் எதிர்ப்பு அணுக்களின் காவல் சற்றுத் தளர்ந்த இடங்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஓர் அறிக்கையை வைத்து எல்லோருக்கும் கட்டி வரும் என்று சொல்ல முடியாது. நூற்றில் ஒருவருக்கா, ஆயிரத்தில் ஒருவருக்கா என்று கணக்கிட, மொத்தம் எத்தனை பேருக்குப் போட்டார்கள், அவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று தெரிய வேண்டும். காசு வாங்கிக்கொண்டு ஊசி போடும் இடங்களில் அந்தப் பதிவேடு கிடையாது. ஒரு முறையான ஆய்வில் கலந்துகொண்டிருந்தால் இந்தப் பையனின் கட்டி அடுத்த நோயாளிக்கு எச்சரிக்கையாகி, ஆய்வையே நிறுத்தியிருக்கும். இங்கே முதல் ஊசிக்கும் கட்டுரைக்கும் நடுவில் எட்டு வருடங்கள் ஓடிவிட்டன. எச்சரிக்கையும் ஊசி போட்ட நாட்டிலிருந்து வரவில்லை.

உண்மை வெளியே வந்ததில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு. அவன் ஆண் பிள்ளை. கொடையில் பெண் செல் இருந்தது. அவன் நோய்க்கென்று அடையாளம் காணக்கூடிய மரபணுப் பிழை இருந்தது. திரும்பி வந்த ஊரில் இத்தனை சோதனையும் செய்து பார்க்கிற ஆய்வகமும், மாஸ்கோ என்ற சொல்லைக் கோப்பில் கவனித்த டாக்டர்களும் இருந்தார்கள். இதில் ஒன்று குறைந்திருந்தாலும் இன்னொரு ஏ.டி. பிள்ளைக்கு இன்னொரு கட்டி என்று போயிருக்கும்.

பாஸ்டனும் லிஸ்பனும்

ஏழு வருடம் கழித்து, 2016-இல், ‘நியூ இங்கிலாண்ட் ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் பாஸ்டன் டாக்டர்கள் ஒரு கடிதம் வெளியிட்டார்கள். பக்கவாதத்திலிருந்து மீள வேண்டும் என்று 66 வயது அமெரிக்கர் ஒருவர் சீனா, அர்ஜென்டினா, மெக்சிகோ என்று மூன்று நாட்டுக்குப் போய் முதுகில் ஸ்டெம் செல் ஊசி போட்டுக்கொண்டவர். மஜ்ஜை, கொழுப்பு போன்ற திசுக்களில் இருக்கும் மெசன்கைமல், தொடக்கநிலைக் கருவிலிருந்து எடுக்கும் கருமுளை, சிசு நரம்பு என மூன்று வகை செல்களும் அவருக்குப் போயிருந்தன. பிறகு முதுகுவலி, இரு காலும் செயலிழப்பு, சிறுநீர் கட்டுப்படாமை. தண்டுவடத்தில் ஒரு திரள் வளர்ந்திருந்தது. டி.என்.ஏ. ஒப்பீட்டில் அதன் செல்கள் பெரும்பாலும் வேறொருவருடையவை. அவருக்கு ஏ.டி. போன்ற நோய் எதுவும் கிடையாது. எனவே முந்தைய நிகழ்வை “அந்த நோய்க்காரருக்கு மட்டும்” என்று தள்ளிவைக்க முடியாமல் போனது. மொத்தச் செலவு சுமார் 3 லட்சம் டாலர் என்று அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. எந்த நாட்டு ஊசி இதைச் செய்தது? மூன்று நாட்டுக் கிளினிக்கும் ஒன்றையொன்று கை காட்டலாம்; கையில் மாதிரி இல்லாமல் யாரையும் மடக்க முடியாது.

“அடுத்தவர் செல்தானே பிரச்சினை? எங்களுடையது உங்கள் உடம்பிலிருந்தே எடுப்பது, பயமே இல்லை” என்பது இப்போது அடிக்கடி காதில் விழும் வாதம். இதற்கு லிஸ்பன் நிகழ்வு பதில். விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த 18 வயதுப் பெண் ஒருவருக்கு, விபத்து நடந்து மூன்று வருடம் கழித்து, போர்ச்சுகலில் அவரது மூக்கின் மேற்பகுதிச் சவ்வையே எடுத்துத் தண்டுவடக் காயத்தில் வைத்தார்கள். வாசனை உணரும் அந்தச் சவ்வில் நரம்பு வளர்ச்சிக்கு உதவும் செல்கள் உண்டு என்பது கணக்கு. எட்டு வருடம் கழித்து முதுகுவலி. அமெரிக்காவின் அயோவாவில் திறந்து பார்த்தால் தண்டுவடத்தில் ஒரு திரள். உள்ளே கெட்டியான சளி போன்ற பொருள். மூக்குச் சவ்வு தன் வேலையை மறக்கவில்லை, முதுகுக்குள் உட்கார்ந்து சளியைச் சுரந்துகொண்டிருந்தது. 2014-இல் வெளியான அறிக்கை இது. அவரது சொந்த செல்தான், புற்றுநோயும் இல்லை. ஆனால் தண்டுவடத்துக்குள் சளி போவதற்கு வழி கிடையாது.

எட்டு வருடம் என்ற அந்த இடைவெளியைக் கவனிக்க வேண்டும். நாடு திரும்பிய மறுவாரம் கிளினிக்கின் காணொளியில் “நன்றாக இருக்கிறேன்” என்று பேசுகிறவர் பொய் சொல்லவில்லை. ஊசி போட்ட வாரத்தில் நம்பிக்கை, புது ஊர், தினமும் நான்கு மணி நேரம் பிசியோதெரபி எல்லாம் சேர்ந்து உடம்பைத் தேற்றத்தான் செய்யும். அந்த பிசியோதெரபியை உள்ளூரிலேயே செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒப்பிட ஆள் இல்லை. பெய்ஜிங்கில், சிசு மூளையின் வாசனை உணரும் பகுதியிலிருந்து எடுத்த செல்களைத் தண்டுவடத்தில் வைத்துக்கொண்ட ஏழு பேரை வெளிநாட்டு நிபுணர்கள் சுயமாக, அறுவைக்கு முன்னும் பின்னும் சோதித்து 2006-இல் எழுதினார்கள். ஐந்து பேருக்கு மூளை உறை அழற்சி உள்ளிட்ட சிக்கல்கள். பயன்படும்படியான முன்னேற்றம் ஒருவருக்கும் இல்லை. உள்ளே போன செல்கள் சொன்ன வகைதானா என்பதையும் உறுதிசெய்ய முடியவில்லை.

செல்லே குற்றமற்றதாக இருந்தாலும் ஊசி முனையில் கிருமி வரலாம். 2022, 2023-இல் மெக்சிகோவில் ஸ்டெம் செல் ஊசி போட்டுக்கொண்டு திரும்பிய மூன்று அமெரிக்கர்களுக்கு, காசநோய்க் கிருமிக்கு உறவான மைகோபாக்டீரியம் அப்செசஸ் தொற்றியதை அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் பதிவு செய்தது. சாதாரண ஆன்டிபயாடிக்குக்கு மசியாத கிருமி. அதில் ஒருவர் முதுகில் ஊசி போட்டுக்கொண்டவர். மூளை உறைவரை போய்விட்டது.

சட்டம் தளர்ந்த நாடுகளில்தான் இப்படியெல்லாம் நடக்கும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வரி. ஜெர்மனியின் டுசெல்டார்ஃபில் ஒரு தனியார் ஸ்டெம் செல் மையம் வெளிநாட்டு நோயாளிகளுக்குப் பகிரங்கமாக ஊசி போட்டுவந்தது. 2010-இல் மூளைக்குள் ஊசி போட்ட ஒன்றரை வயதுக் குழந்தை இறந்த பிறகுதான் 2011-இல் அதற்குப் பூட்டு விழுந்தது.

நம் பக்கம்

இந்தியாவிலிருந்து வெளியே போகிறவர்கள் உண்டு. அதேபோல் இந்தியாவுக்கு வருகிறவர்களும் உண்டு. டெல்லியில் கருமுளை செல் ஊசிக்காக ஆஸ்திரேலியாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஆட்கள் வந்து தங்கிய காலம் ஒன்று இருந்தது. மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டு நெறிகள் தெளிவாகவே சொல்கின்றன: பட்டியலிட்ட நோய்களுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்று மட்டுமே சிகிச்சை, மற்றதெல்லாம் அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே நடக்கலாம். ஆய்வு என்றால் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல்லைப் பரிந்துரைப்பதில்லை என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-இல் தனியாகவே சொல்ல வேண்டிவந்தது. நெறி தாளில் இருக்கிறது. விளம்பரப் பலகை ரோட்டில் இருக்கிறது.

காசு கேட்கிறார்களா என்பது, என்னைப் பொறுத்தவரை, மற்ற எல்லாக் கேள்வியையும் விட வேகமாகப் பதில் தரும் கேள்வி. “இது ஆய்வு, ஆனால் கட்டணம் 15 லட்சம்” என்றால் அது ஆய்வல்ல. அடுத்து, ஒரே ஊசியை ஆட்டிசத்துக்கும் மூட்டுத் தேய்மானத்துக்கும் பார்கின்சனுக்கும் போடுகிறார்களா என்று பார்க்கலாம். மூன்றுக்கும் காரணம் வேறு, செத்துப்போகும் செல்லும் வேறு. மூன்றையும் ஒரே குப்பியில் அடக்குகிற மருந்து இதுவரை வரவில்லை. அதன் பிறகும் போவதென்று முடிவெடுத்தால், செல் எந்தத் திசுவிலிருந்து எடுத்தது, ஒருவருடையதா பலருடையதா, எத்தனை நாள் வளர்த்தது, எத்தனை செல், தொகுதி எண் என்ன, அதன் மாதிரி உறையவைத்து இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். மெயிலில் வரும் பதில் மழுப்பலாக இருந்தால் அதுவே பதில்.

ஏற்கெனவே போய் வந்தவர் வீட்டில் இருந்தால் பழங்கதையைக் கிளறித் திட்டிக்கொண்டிருப்பதில் பயன் இல்லை. அவர் எங்கே, எப்போது, உடம்பின் எந்த இடத்தில் போட்டுக்கொண்டார் என்பதை எந்த டாக்டரிடமும் மறைக்கக் கூடாது. வெட்கப்பட்டு மறைப்பவர்கள் நிறைய. முதுகில் போட்டுக்கொண்டவருக்குப் புதிதாகத் தலைவலியோ முதுகுவலியோ கால் மரப்போ வந்தால், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும், ஸ்கேன் எழுதும் சீட்டிலேயே “முன்பு ஸ்டெம் செல் ஊசி” என்று குறிக்கச் சொல்ல வேண்டும். கட்டி எடுக்கும் நிலை வந்தால், எடுத்த திசு யாருடையது என்று நோயாளியின் ரத்தத்தோடு ஒப்பிடச் சொல்லிக் கேட்கலாம். மஜ்ஜை மாற்று செய்யும் பெரிய மருத்துவமனைகளின் ஆய்வகத்துக்கு இது புதிதல்ல. கொடையாளி செல் எவ்வளவு, நோயாளி செல் எவ்வளவு என்று அவர்கள் வழக்கமாகப் பார்ப்பதே இந்த ஒப்பீடுதான். பயாப்ஸி முடிந்ததும் மெழுகில் பதித்துவைத்த அந்தத் திசுக் கட்டையை மருத்துவமனையிலிருந்து கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்திக்கொள்ளப் பாருங்கள்.